பத்தொம்பதாவது டிகிரி யாருது?

...பதினெட்டுங்க! பதினெட்டே பதினெட்டு! அதுக்கு மேல ஒரு இம்மி ஏறல. என் வீடு, என் செவுரு, என் காசுல வாங்கிப் போட்ட சூட்டு மிஷினு... நான் அந்த வட்டைப் புடிச்சுத் திருகுறேன், திருகுறேன்... அது என் பேரச் சொல்லிக் கூப்புட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? "அன்பான ஹெர்டீன், உங்களுக்கான சுகம் பதினெட்டு டிகிரி. இன்னும் சுகம் வேண்டுமா?" அப்டின்னு எழுத்து ஓடுது! செவுரு கேக்குது! முப்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணேன், போய்ச் சேந்த என் புருஷன் ஒரு நாள் அப்டிக் கேட்டதில்லைங்க!

கால மடக்காதீங்கம்மா. நீட்டி ஒதைங்க. ம்... இப்பப் பாருங்க, எவ்ளோ லேசா இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, வாய் சும்மா இருக்காது. முப்பத்தஞ்சு வருஷம் இதே குளத்துல நீச்சல் சொல்லிக் குடுத்தவ. இந்த ஊர்ல பாதிப் பேரு என் கண்ணு முன்னாலதான் தண்ணி குடிச்சிருக்காங்க. நீங்க புதுசு இல்ல? போன வாரம் பாக்கலியே உங்கள... ஆ, அதான். வெள்ளிக்கிழமை வாங்க எப்பவும், வெள்ளிக்கிழமைதான் தண்ணிய நல்லா சுட வெப்பாங்க. இந்த ஓரத்துல நில்லுங்க, இங்கதான் வெந்நி வர்ற ஓட்டை இருக்கு. முதுகக் காட்டுங்க... எப்டி? ஹஹ்! மூணு வாரம் நான் இந்த ஓட்டையில முதுக வெச்சுத்தான் உசுரு வாழ்ந்தேன்.

எங்க விட்டேன்... ஆங், பதினெட்டு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க தெரு, லைன்பான் தெரு, ஆத்துப் பக்கமா போவுமே, அங்க இருபத்திரண்டு வீடு. எல்லாம் ஒரே வரிசை, செவுரோட செவுரு ஒட்டினது. பக்கத்து வீட்ல தும்முனா இங்க 'நூறு வயசு'ன்னு சொல்லிரலாம். எல்லாருமாச் சேந்து பேசி, கேஸ் அடுப்பு பாய்லரையெல்லாம் புடுங்கிட்டு ஹீட் பம்பு போட்டோம். வெளிய ஒரு பொட்டி நிக்கும், காத்துல இருக்குற சூட்டை உறிஞ்சி உள்ள தள்ளும். உள்ள செவுத்துல வெள்ளையா ஒரு வட்டு. அதத் திருகுனா சூடு. கம்பெனி பேரு... வேணாம், சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு எங்க தெரு வக்கீலம்மா சொல்லிருக்கா, கையெழுத்து போட்ருக்கோம். நல்லாத்தான் ஓடுச்சு. மிஷின முழு வெல குடுத்து வாங்கிருக்கோம், தவணைகூட இல்ல. விளம்பரத் தாள்லயே ஒரு பொம்பள கையில்லாத சட்டை போட்டு சிரிச்சுக்கிட்டு, "இருபத்தோரு டிகிரி, என்றென்றும்"னு. என்றென்றும்! அந்தத் தாள வெச்சிருக்கேன் இன்னும்.

ஆனா எல்லாம் இன்டர்நெட்டு வழியா. செவுத்துல நீங்க திருகுறது உங்க பம்புக்கு நேராப் போகாது. அது எங்கியோ போயி, எந்த ஊரோ எந்த நாடோ, அங்க ஒரு கம்ப்யூட்டர் 'சரி, இந்தம்மாக்கு சூடு குடு'ன்னு சொன்னாத்தான் என் வாசல்ல நிக்கிற பொட்டி அசையும். அப்ப எங்களுக்கு இது தோணல. ஆப்பு இருக்கு, ஆப்புலயே எல்லாம் பாத்துக்கலாம்னாங்க. ஆப்பு, ஆப்புன்னு சொல்லிச் சொல்லி... கடைசில வெச்சுட்டாங்க.

நவம்பர் மொத வாரம். மொதக் குளுரு. காலைல எந்திரிச்சா மூக்கு நுனி என்னுது இல்லாத மாதிரி இருக்கு. வட்டைத் திருகுனா இந்தச் சுகப் பேச்சு. பதினெட்டுக்கு மேல வேணும்னா மாசாமாசம் சந்தா கட்டணுமாம். 'கதகதப்புத் திட்டம்'. ஃபோன் போட்டேன். நாப்பது நிமிஷம் பாட்டு. அப்புறம் ஒரு பையன், தேன்ல முக்கியெடுத்த குரலு. "அம்மா, மிஷின் உங்களுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. பதினெட்டுக்கு மேல் அதை ஓட்டும் உரிமை மட்டும் எங்களுடையது." நான் கேட்டேன், "தம்பி, அப்ப பத்தொம்பதாவது டிகிரி யாருது?" மறுபடி பாட்டப் போட்டுட்டான். திரும்பி வந்து சொல்றான், "அது... எங்களுடையதும்மா." கெணத்தத்தான் வித்தோம், தண்ணிய விக்கலன்னானே ஒருத்தன், அவன் பேரன்தான் இவன்னு நெனச்சுக்கிட்டேன்.

சைக்கிள் வாங்குறோம். வாங்கி மூணு வருஷம் கழிச்சு கடைக்காரன் வந்து, 'மேட்டுல ஏறுறதுக்குத் தனியா'ன்னா விடுவீங்களா? சொல்லுங்க. விடுவீங்களா? ...அதான! நம்ம ஊர்ல மேடே இல்லங்கறது வேற விஷயம்.

கைய அகட்டுங்க. தவள மாதிரி. ஆங்.

தெருவே குதிச்சுச்சுங்க. பதினாலாம் நம்பர்ல கைக்கொழந்த, ஆறாம் நம்பர்ல மூட்டுவலிக்காரரு. நான் வீட்டுக்குள்ள ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு, கையில உறை மாட்டிக்கிட்டு, பட்டாணி சூப்பு சட்டியக் கட்டிப்புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒடனே தெருச் சங்கக் கூட்டம். எங்க எதிர்வீட்டுப் பொண்ணு யஸ்மினா, யஸ்மினா ஹத்து, சட்டம் படிச்சவ, டவுன்ல இலவசமா சட்ட யோசனை சொல்ற ஆபீஸ்ல இருக்கா. புத்தின்னா புத்தி, கத்தி மாதிரி. அவ எழுந்து நின்னு சொன்னா: "வித்த பொருள்ல இருந்த வசதிய வித்தவன் பின்னாடி வந்து புடுங்க முடியாது. சட்டம் நம்ம பக்கம்." எல்லாரும் கை தட்டுனோம். "ஆனா..."ன்னா. இந்த ஆனா இருக்கே...

ஆனா, கம்பெனிக்காரன் லெட்டர் போட்ருக்கான். செப்டம்பர் ஒம்பதாந்தேதி, சாயங்காலம் நாலு பன்னண்டுக்கு, தெருச் சங்கத்தோட கணக்குலேர்ந்து, 'புது விதிகளை ஒத்துக்கிறேன்'ங்கற பட்டன அழுத்திருக்காங்கன்னு. இருபத்திரண்டு வீட்டுக்கும் சேத்து ஒரே ஒரு அழுத்து! எல்லா வீட்டுக்கும் பொதுவா ஒரு டேப்பு உண்டு, வெரலால தொடுற கம்ப்யூட்டரு, பள்ளிக்கூட சிலேட்டு அளவுல இருக்கும். அது சங்கத் தலைவர் வீட்லதான் இருக்கும். தலைவர் யாரு? எங்க பக்கத்து வீட்டு யான்னஸ். யான்னஸ் ப்ரூமல்காம்ப். ஐசல் ஆத்துல அக்கரைக்கும் இக்கரைக்கும் படகு ஓட்டினவரு, நாப்பது வருஷம். எழுபத்திரண்டு வயசு, நெட்டையா, வார்த்தைய எண்ணி எண்ணித்தான் செலவு பண்ணுவாரு. ரொட்டிக்கு வெண்ண தடவுறதும் அப்டித்தான்.

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்புச்சு. யஸ்மினா மெதுவாத்தான் கேட்டா, "யான்னஸ், அன்னிக்கு அழுத்துனது நீங்களா?" மனுஷன் என்னை ஒரு பார்வ பாத்தாரு. அப்புறம் தரையப் பாத்தாரு. "ஆமா. நான்தான்."

அவ்ளோதாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்! மத்தவங்க முணுமுணுத்தாங்க, நான் முணுமுணுக்குற ஆளா? ஆழமான பக்கத்துல முங்கப் போற புள்ளயக் கூப்புடுற குரல்ல கத்துனேன். "ஒரு பட்டன அழுத்துறதுக்கு முன்னாடி ரெண்டு வரி படிக்க மாட்டியாய்யா? ஆத்துல எதுக்கால வர்ற கப்பலப் பாக்காமயா படகு ஓட்டுன? இருபத்திரண்டு குடும்பத்த குளுருல தள்ளிட்டியே!" கிழி கிழின்னு கிழிச்சேன். அவரு தொப்பியக் கையில வெச்சு உருட்டிக்கிட்டே நின்னாரு. எனக்கு அது இன்னும் எரிச்சல்!

அதுலேர்ந்து தெருவுல அவருக்கு யாரும் சரியா மொகம் குடுக்கல. பதினேழாம் நம்பர்க்காரன் எரவலாக் குடுத்த ஏணிய வந்து கேட்டு வாங்கிட்டுப் போய்ட்டான். ஏணிய! ஜன்னல் வழியாப் பாப்பேன், மனுஷன் அந்தப் பழைய படகுக்காரக் கோட்ட மாட்டிக்கிட்டு ஒத்தையா உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு இருப்பாரு. தினமும் நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாக் குடிக்கிற காப்பி, ஒரு நாள் அவர் வீடு, ஒரு நாள் எங்க வீடு, நாலு வருஷப் பழக்கம். நான் போகல. அவரு ஒரு தரம் வந்து கதவத் தட்டுனாரு, நான் ரேடியோவ சத்தமா வெச்சுட்டேன். 'படி, மொதல்ல படிக்கக் கத்துக்க'ன்னு தெருவுல நிக்க வெச்சு ஒரு தரம் சொன்னேன் வேற. அதுக்கும் தலைய ஆட்டிட்டுப் போறாரு! மூணு வாரம் இப்டியே.

சிரிக்காதீங்க, இனிமேதான் இருக்கு... வாங்க, இந்த மெத்துமெத்து நுரை உருளைய அக்குள்ல மாட்டிக்கிட்டு மெதக்கலாம், கேக்க சொகமா இருக்கும்.

செவ்வாக்கிழமை காலைல பத்து மணிக்கு கம்பெனியோட பேச்சு. நம்ம தெருக் கூடத்துல. அதுக்கு மொத நாள் யஸ்மினா சொல்லிட்டா, 'செப்டம்பர் மாசம் உங்க வீட்ல இருபத்தோரு டிகிரி ஓடுச்சுன்னு காட்டுற மாதிரி ஃபோட்டோ ஏதும் இருந்தா கொண்டாங்க'ன்னு. நான் மதியானம் சாப்ட்டுட்டு, ஒரு துண்டு தேன் கேக்கக் கையில வெச்சுக்கிட்டு, ஃபோன்ல பழசையெல்லாம் தள்ளிக்கிட்டே போறேன். பூந்தொட்டி... என் கட்டைவெரல்... பூந்தொட்டி... செப்டம்பர் ஒம்பது. வீடியோ.

செப்டம்பர் ஒம்பது என்ன நாளு? யான்னஸோட பொறந்தநாளு! மறந்தே போயிருந்துச்சுங்க எனக்கு. அவர் வீட்டுக் கூடத்துல வட்டமா நாக்காலி போட்டு, தெருவுலேர்ந்து நான் மட்டும், மத்ததெல்லாம் அவரோட பழைய படகுக்காரங்க, எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லி, ஆப்பிள் கேக்கு தின்னு... நான்தான் ஃபோன கேக்குத் தட்டுல சாச்சு வெச்சு வீடியோ எடுத்திருக்கேன். பாட்டு எதுல ஓடுது? அந்த டேப்புல! பொதுச் சொத்து! ரெண்டு வரி பாடும், உடனே 'டிங்'னு ஒரு சத்தம், பாட்டு நிக்கும். மறுபடி ரெண்டு வரி, மறுபடி டிங். அப்ப ஒரு பொம்பள பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு எந்திரிச்சு வர்றா. "சனியனே, என்னதான் வேணும் உனக்கு?"ங்கறா. யான்னஸ் நாக்காலில இருந்தே கையத் தூக்கி, "ஹெர்டீன், இரு, அதப் படிச்சுட்டு அப்புறம்..."ங்கறாரு. "படிச்சுக் கிழிச்சது போதும்!"னு அவ வெரல நீட்டி ஒரே குத்து. பாட்டு வந்துருச்சு. அவ யான்னஸ் கையப் புடிச்சு இழுத்து ஆட ஆரம்பிச்சுட்டா.

பச்சைச் சட்டை என்னுதுங்க.

கேக்கு தொண்டையில நின்னுருச்சு. இருமி, தண்ணி குடிச்சு, மறுபடி பாத்தேன். நேரம் போட்ருக்கு. நாலு பன்னண்டு. மறுபடி பாத்தேன். என்ன, இன்னொரு தரம் பாத்தா வேற யாரோ அழுத்துவாளா? தன் வினை தன்னைச் சுடும்பாங்க... என்னுது சுடக்கூட இல்ல, மூணு வாரமாக் குளுர வெச்சிருச்சு! எனக்கு ஒரு பக்கம் வெக்கம் புடுங்கித் திங்குது, ஒரு பக்கம்... சொன்னா நம்ப மாட்டீங்க, சிரிப்பு. அந்த ஆட்டத்தப் பாத்து. படகுக்காரரு ஆடுறது பலகை மேல நடக்குற மாதிரியே இருக்கு! அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. அவருக்குத் தெரியுமே. மொத நாள்லேர்ந்து தெரியுமே! அந்தக் கூட்டத்துல அவரு என்னை ஒரு பார்வ பாத்தாரே... தெருவே பாக்க நான் அவரக் கிழிச்சப்ப, 'நீதானடி அழுத்துன'ன்னு ஒரே வார்த்த சொல்லிருக்கலாமே! ஏணியக்கூடத் திருப்பிக் குடுத்தாரே மனுஷன்...

மெதுவா, மெதுவா, உருளை நழுவுது. ஆங்.

மறுநாள் காலைல கூடம் நெறஞ்சு இருக்கு. கம்பெனியிலேர்ந்து ஒருத்தன், இட்டர்சும்னு பேரு, தலைய நக்கி வாரிக்கிட்டு, சிரிச்ச மொகமா வந்தான். கையில ஒரு பை நெறைய சாக்லேட்டு எழுத்து. டிசம்பர்ல பரிசு குடுக்குற சின்டர்கிளாஸ் பண்டிகை வருதுல்ல, அதுக்காம். வீட்டுக்கொரு எழுத்து, அவங்கவங்க பேரோட மொதல் எழுத்து. எனக்கு 'ஹெ' குடுத்தான். வாங்கிக்கிட்டேன்... கொள்கை வேற, சாக்லேட்டு வேற. அவன் ஒரு தாள எடுத்து யான்னஸ் முன்னாடி வெச்சான். "ஒண்ணும் இல்லீங்க ஐயா, சங்கத் தலைவர்ங்கற முறையில நீங்க ஒத்துக்கிட்டத எழுத்துல உறுதி பண்ணிட்டா, நாங்க தெருவுக்கே சந்தாவுல சலுக தர்றோம்." யஸ்மினா மொகம் செத்துப் போச்சு. அந்தக் கையெழுத்து விழுந்தா கதை முடிஞ்சுதுன்னு அவளுக்குத் தெரியும். யான்னஸ் பேனாவ எடுத்துட்டாரு. மூடியத் திருகுறாரு.

நான் என்ன பண்ணேன்னு நினைக்கிறீங்க? யோசிச்சுப் பேசலாம்னு ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். 'அன்பான தெருக்காரங்களே'ன்னு ஆரம்பிக்கணும். எல்லாம் பறந்துருச்சு. கைப்பையில என் பழைய விசில் கெடந்துச்சு. எடுத்து ஊதிட்டேன்! கூடத்துக்குள்ள! ஆறாம் நம்பர்க்காரரு காப்பிய மடியில கொட்டிக்கிட்டாரு. "பேனாவக் கீழ வை யான்னஸ்! பொய்யில கையெழுத்துப் போடாத! அழுத்துனது நான்!"

யான்னஸ், "ஹெர்டீன், உக்காரு"ங்கறாரு. "நீ உக்காருய்யா!"ன்னேன். அவரு உக்காந்துதான் இருந்தாரு. ஃபோன எடுத்து எல்லாருக்கும் தெரியுற மாதிரி தூக்கிப் புடிச்சு வீடியோவப் போட்டேன். டிங்... டிங்... சனியனே... குத்து... ஆட்டம். முடிஞ்சுது. இருபத்திரண்டு வீட்டுக்காரங்க. நான் மூணு வாரமா வீடு வீடாப் போயி அவரப் பத்திப் பேசினவ. 'மன்னிச்சுக்குங்க'ன்னு சொல்ல வாயத் தெறக்குறேன், சத்தம் வரல. எனக்குங்க! சத்தம் வரல!

அப்ப யஸ்மினா சிரிக்க ஆரம்பிச்சா. கொஞ்சம் கொஞ்சமா, குக்கர் ஆவி வர்ற மாதிரி. எழுந்து வந்து என் முன்னாடி நின்னா. "ஹெர்டீன், செப்டம்பர் ஒம்பதாந்தேதி நீங்க சங்கத்துல என்ன பதவியில இருந்தீங்க?"

"ஒரு பதவியும் இல்ல. ஏப்ரல்லயே என்னை செயலாளர்லேர்ந்து தூக்கிட்டீங்களே!" தூக்கத்தான் செஞ்சாங்க. கூட்டக் குறிப்புல யாரு எத்தன பிஸ்கட்டு எடுத்தாங்கன்னு எழுதுனேன்னு. உண்மையத்தான எழுதுனேன்? பதினேழாம் நம்பர் அஞ்சு!

"அப்ப தெரு சார்பா எதையும் ஒத்துக்குற அதிகாரம் உங்களுக்கு இருந்துச்சா?"

"தேநீர் வாங்குற அதிகாரம்கூட இல்ல."

"தலைவர் உங்களுக்கு அனுமதி குடுத்தாரா?"

"எங்க குடுத்தாரு... படி படின்னுதான் கத்துனாரு."

யஸ்மினா இட்டர்சும் பக்கம் திரும்புனா. அந்தத் திரும்புதல நீங்க பாத்துருக்கணும்மா! "ஐயா, தலைவர் அழுத்திருந்தா நாங்க மாட்டிருப்போம். அழுத்துனது சங்கத்துல எந்தப் பதவியும் இல்லாத ஒரு விருந்தாளி. அதுவும் தலைவர் தடுக்கத் தடுக்க. சாட்சி ஓடிக்கிட்டு இருக்கு. இருபத்திரண்டு குடும்பமும் எதையுமே ஒத்துக்கல. பழைய விதிதான் விதி. இருபத்தோரு டிகிரி, என்றென்றும்."

புரியுதுங்களா? யான்னஸ் என்னைக் காப்பாத்தச் சொன்ன பொய்தான் தெருவையே கட்டிப் போட்ருந்துச்சு! நான் மானத்த விட்டு உண்மைய ஒளறுனேன், முடிச்சு அவுந்துருச்சு! எனக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரிஞ்சா ஊதுனேன்? விசில் ஊதுனது மனசு தாங்காம. அந்த இட்டர்சும் மொகம் மாறுது, "இன்னொரு தரம் பாக்கலாமா?"ன்னான். போட்டேன். இந்தத் தரம் என்ன ஆச்சுன்னா, ஆட்டம் வந்ததும் கூடம் முழுக்கத் தாளம் போட ஆரம்பிச்சுட்டாங்க! ஆறாம் நம்பர்க்காரரு நனஞ்ச கால்சட்டையோட விசிலடிக்கிறாரு! "சட்டப் பிரிவுல கலந்துட்டுச் சொல்றோம்"னு அவன் தாளச் சுருட்டிக்கிட்டுக் கெளம்பிட்டான். சாக்லேட்ட மறந்துட்டுப் போய்ட்டான். நாங்க ஞாபகப்படுத்தல.

அன்னிக்கு சாயங்காலம், நான் சூப்பு கிண்டிக்கிட்டு இருக்கேன், செவுத்துல வட்டு மினுக்குனுச்சு. பத்தொம்பது. கரண்டியோட நின்னு பாக்குறேன். இருபது. எதிர்வீட்ல யஸ்மினா ஜன்னலத் தெறந்து, "ஏறுது! ஏறுது!"ன்னு கத்துறா. இருபத்தொண்ணு! எல்லாரும் கோட்டில்லாம வெறும் சட்டையோட தெருவுக்கு ஓடியாந்துட்டாங்க, வெளிய ரெண்டு டிகிரி! உள்ள சூடாயிருச்சுன்னு கொண்டாட குளுருல நிக்கிறோம், கூறுகெட்ட ஜனங்க!

யஸ்மினா அதோட விட்டாளா? விடுவாளா? 'இன்னிக்குக் குடுத்தவன் நாளைக்கு எடுப்பான்'னு, அடுத்த நாளே லெட்டர். இன்டர்நெட்டு இல்லாட்டியும் அவங்கவங்க வீட்லயே கூட்டிக் கொறைக்கிற மாதிரி சாதாரணமா ஒரு குமிழ் வெச்சுத் தரணும், இல்லாட்டி வீடியோவோட நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறோம்னு. கம்பெனிப் பேர வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டு, நேத்து ஆள் வந்து வெச்சுட்டுப் போயிருக்கான். கருப்புக் குமிழு. அசிங்கமாத்தான் இருக்கு. நான் போக வர அதத் தடவிக் குடுத்துக்கிட்டுப் போறேன். திருகுனா 'டக்'குன்னு ஒரு சத்தம். யாரையும் கேக்காது. அன்பான ஹெர்டீன்னும் சொல்லாது. அப்பாடா!

...குளுருதா? ஒதடு நீலமா இல்லியே, நல்லாத்தான் இருக்கீங்க. இருங்க, முக்கியமானத சொல்லவே இல்ல. இவ்ளோ நேரம் பொலம்புனது அதுக்குத்தான்.

நேத்து ஒரு முழு தேன் கேக்க எடுத்துக்கிட்டு யான்னஸ் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேக்கத்தான் போனேன், வாசல்ல காலு வெச்சதும் சண்டதான் வருது. "ஏன்யா நீ ஏத்துக்கிட்ட? உன்னை யாரு தியாகம் பண்ணச் சொன்னா? மூணு வாரம் என் வாயில விழுந்தியே, ஒரு வார்த்த சொல்லிருந்தா..." அவரு கேக்க வாங்கி வெச்சாரு. ரெண்டு துண்டு வெட்டுனாரு. தடிமனா! அவரு வெட்டி நான் பாத்ததே இல்ல அவ்ளோ தடிமனா. அப்புறம் சொன்னாரு: "அந்தப் பட்டன அழுத்துன கைதான் அடுத்த நிமிஷம் என்னை ஆடக் கூப்ட்டுச்சு. அத எப்டிக் குத்தம்னு சொல்றது?"

நான்... தண்ணி, கண்ணுல தண்ணி தெறிச்சிருச்சு. குளோரின். பேசாம இருங்க.

இன்னிக்குக் காலைல வந்து கதவத் தட்டுறாரு. தொப்பிய உருட்டிக்கிட்டு. என் வீட்டுக் குமிழப் பாத்தாரு. ஒட்டுச் செவுரப் பாத்தாரு. "ஹெர்டீன், யோசிச்சுப் பாத்தேன். ஒட்டினாப்ல ரெண்டு வீடு. ஒண்ணுல நீ, ஒண்ணுல நான். எதுக்கு ரெண்டையும் சூடு பண்ணணும்?"

கேட்டீங்களா! கேட்டீங்களா இந்த ஊர்க்காரங்க கேக்குற லட்சணத்த! பூ இல்ல, மோதிரம் இல்ல, மின்சாரம் மிச்சமாகுமாம்! எனக்கு அறுபத்தேழு வயசு, பதினாறு வயசுக்காரி மாதிரி கண்ணாடியில தலையச் சரி பண்றேன். நான் என்ன சொன்னேன்? "எனக்கு நீச்சலுக்கு நேரமாச்சு"ன்னுட்டு, அவர வாசல்லயே விட்டுட்டு ஓடியாந்துட்டேன்! சாக்ஸு ரெண்டும் வேற வேற கலரு!

ஆனா எப்டிங்க சரின்னு சொல்றது? அவரு பதினேழு டிகிரில இருக்குற ஆளு! கம்பெனி தடுக்காமயே, தானா! ஜன்னலத் தெறந்து போட்டுத் தூங்குவாராம், ஆத்துக் காத்து பழகிருச்சாம். எனக்கு இருபத்தொண்ணு இல்லாட்டி முட்டி மடங்காது. ஒரே வீட்ல எப்டி... கோட்டக் கேட்டாக் குடுப்பாரு, அந்தப் படகுக்காரக் கோட்டு... அது நல்ல கனமா, நல்லாத்தான் இருக்கும். அப்புறம் அவரு வீட்டு அடுப்பங்கரைல வெயில் வரும், எனக்கு வராது. அப்புறம் அவரு கொறட்ட விடுவாரு, எனக்குத் தெரியும், ஒட்டுச் செவுரு... நாலு வருஷமா கேட்டுத்தான தூங்குறேன். இல்லாட்டித் தூக்கம் வராது இப்ப.

எங்க போறீங்க? அந்தப் பக்கம் ஆழம், ஏணி இந்தப் பக்கம். ...சரி சரி, நேரமாயிருக்கும் உங்களுக்கு. போய்ட்டு வாங்க. நல்லா ஒதைக்கிறீங்க இப்ப, பாருங்க! ஏங்க! ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும், உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது வீடு வேணுமா? வாடகைக்கு. லைன்பான் தெரு, பதினொண்ணாம் நம்பரு, என்னுதுதான். ரெண்டு படுக்கையறை. சூடு அவங்க கையில, யாரையும் கேக்க வேணாம்.

...அட! இவ்ளோ நேரம் எப்படா ஓடலாம்னு பாத்தவங்க, இப்ப இந்த வேகத்துல திரும்பி வர்றீங்க! உங்களுக்கேவா? எத்தன வருஷமா தேடுறீங்க? ...அஞ்சா! ஐயோ பாவமே, இங்க வாடகை வீடு குதிரைக்கொம்புதான். மெதுவா, மெதுவா, தண்ணி வாயில போகுது... தர்றேன், உங்களுக்கே தர்றேன். இருங்க, மொதல்ல என்னைத் தூக்கி விடுங்க. நான் போயி அந்த மனுஷன்கிட்ட சரின்னு சொல்லணும்ல!